வீரனும் அவன் மூட்டையும்

மஞ்சக்குட்டையில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியே மழை, சேர்வராயன் மலையில் மழை பிடித்துக்கொண்டால் சாயங்காலம் முழுக்க வேறு வேலை ஓடாது. மேசைமேல் தாள், பென்சில், சில பகடைகள். பலகை கிடையாது, காய்களும் கட்டாயமில்லை. ஐவரில் ஒருவர் கதையை நடத்துகிறவர். டன்ஜன் மாஸ்டர் என்பது அவருக்குப் பெயர். ஆடுகிறவர்கள் சுருக்கமாக டிஎம் என்பார்கள். மற்ற நால்வருக்கும் ஆளுக்கொரு பாத்திரம்: ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர், இன்னொருவர் ஊர் ஊராகப் பாடித் திரியும் பாணர். டிஎம் தொடங்குகிறார்: “சில்வர் ஓக் மரத்துக்கு நடுவுல ஒத்தையடிப் பாதை. மிளகுக்கொடி நனைஞ்சு சொட்டுது. குகை வாசல்ல ஒரு காவல்காரன், கையில வேல். உங்களப் பாத்துட்டான். என்ன செய்யறீங்க?” பாணராக ஆடுகிறவர், “நான் போய் நைசாப் பேசி உள்ள விடச் சொல்றேங்க” என்கிறார். டிஎம் இப்போது, “என்ன பேசுவீங்க, பேசிக் காட்டுங்க” என்று கேட்கலாம். “சரி, உருட்டுங்க” என்றும் சொல்லலாம். உருட்டச் சொன்னால், இருபது முகப் பகடையில் விழும் எண்ணோடு அந்தப் பாணரின் பேச்சுத்திறனுக்கு உரிய எண்ணைக் கூட்ட வேண்டும். டிஎம் வைத்திருக்கும் இலக்கு 15 என்றால், கூட்டுத்தொகை அதைத் தொட்டால் காவல்காரன் மசிவான். இல்லாவிட்டால் வேலை நீட்டுவான்.

பேசிக் காட்டுவதா, உருட்டுவதா? வெளியாளுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். ஐம்பது ஆண்டுகளாக இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் விடாமல் சண்டை போட்டுக்கொள்ளும் இடம் இதுதான். விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸும், மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கி, 1974ஆம் ஆண்டு ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்களாக வெளியிட்டார்கள். முதல் அச்சு ஆயிரம் படிகள். பொம்மைச் சிப்பாய்களை மேசையில் அணிவகுத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்த குழந்தை இது. படை முழுவதையும் நடத்துவதற்குப் பதிலாக ஒரே ஒரு ஆளாக இருந்து பார்த்தால் என்ன என்ற யோசனைதான் எல்லாவற்றையும் மாற்றியது. போர் விளையாட்டிலிருந்து அளவுகோலும் அட்டவணையும் வந்தன; ஒரே ஆளாக இருப்பதிலிருந்து நடிப்பு வந்தது. அப்பன் வழியும் ஆத்தாள் வழியும் ஒரே வீட்டில் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் சிறுவர்கள் நிலவறையில் உட்கார்ந்து ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு விளையாட்டின் தோற்றம் தெரிந்திருக்கும். அந்தச் சிறுவர்களுக்குக் கிடைத்த ஒரு வசதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை: அவர்கள் நால்வரும் சிநேகிதர்கள்.

சிநேகிதர்களுக்குள் விதித் தகராறு பெரிதாவதில்லை. தாயக்கட்டை உருட்டும் வீடுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம் இருப்பதைப்போல, இங்கேயும் ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் பழக்கம் உருவாகிவிடும். ஒரு வீட்டில் பேச்சுக்குப் பகடையே கிடையாது. இன்னொரு வீட்டில் கதவைத் தட்டுவதற்கும் உருட்டுவார்கள். அறிமுகமில்லாத ஆட்கள் ஒரு மேசைக்கு வரும்போதுதான் சங்கடம். அதற்காகவே 1980இல் கைகாக்ஸின் நிறுவனமான டிஎஸ்ஆர் ஒரு சங்கத்தைத் தொடங்கியது. ரோல் பிளேயிங் கேம் அசோசியேஷன் என்ற அந்த அமைப்பை ஆர்பிஜிஏ என்பார்கள். 1987இல் அது ‘லிவிங் சிட்டி’ என்ற தொடரை ஆரம்பித்தது: எல்லா ஊர் ஆட்டக்காரர்களும் ஒரே கற்பனை நகரத்தில் வாழ்வார்கள், ஓர் ஊரில் ஆடிய பாத்திரத்தை இன்னோர் ஊருக்கு எடுத்துப் போகலாம். 2000 முதல் 2008 வரை ‘லிவிங் கிரேஹாக்’, 2008 முதல் வேறொரு நிறுவனத்தின் ‘பாத்ஃபைண்டர் சொசைட்டி’, 2014 முதல் ‘அட்வென்ச்சரர்ஸ் லீக்’ என்று அந்த ஏற்பாடு தொடர்ந்து வந்திருக்கிறது. இப்படி ஒரு தலைமை விதி வகுக்க, முகம் தெரியாதவர்கள் கூடி ஆடுவதை இந்தக் கட்டுரையில் சங்க ஆட்டம் என்றே சொல்லிக்கொள்வோம். எதிரில் இருப்பது வீட்டு ஆட்டம்.

சங்க ஆட்டத்தின் விதிகள் சும்மா வந்தவையல்ல. அட்வென்ச்சரர்ஸ் லீகை எடுத்துக்கொண்டால், பாத்திரத்தின் ஆறு அடிப்படைத் திறன்களுக்கும் பகடை உருட்டி எண் வாங்க முடியாது. 15, 14, 13, 12, 10, 8 என்ற தொகுதியைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது 27 புள்ளிகளை வைத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் தனியாக உருட்டிவிட்டு “எனக்கு எல்லாம் பதினெட்டுங்க” என்று வருகிறவரை இந்த ஒரு விதி வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. பல காலம் அடிப்படை விதிநூலோடு கூடுதலாக ஒரே ஒரு நூலிலிருந்துதான் பாத்திரத்தைச் செய்யலாம் என்றிருந்தது; டிஎம்மாக உட்காருகிறவர் இருபது புத்தகம் வாங்க வேண்டியதில்லை என்பது அதன் நியாயம். தீய குணப் பாத்திரங்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. ஓர் ஆட்டக்காரரின் பாத்திரம் இன்னொருவரின் பாத்திரத்தைத் தாக்கக் கூடாது. ஆட்டக்காரர்கள் கூடும் மாநாடுகளில் ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒதுக்குவது நான்கு மணி நேரம். எல்லாவற்றுக்கும் மேலாக, கதை அச்சில் வரும். டிஎம் அதை ஏறக்குறைய அப்படியே நடத்த வேண்டும்.

இங்கிருந்துதான் குறைகள் கிளம்புகின்றன. கோபிளின் என்ற குட்டிப் பூதங்களின் தலைவனோடு சமாதானம் பேசலாம் என்று ஒரு மேசை முடிவெடுத்தால், அச்சில் அந்த இடம் சண்டைக் காட்சியாக இருக்கிறது, டிஎம் தயங்குகிறார். பாணருக்குத் தங்கையைத் தேடும் கதை ஒன்று இருக்கிறது. நான்கு மணி நேரத்தில் அதற்கு எங்கே இடம்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தன் வீரனுக்குப் பெயர்கூட யோசிக்காமல், ஒரு சுற்றில் எத்தனை அடி விழும் என்று மட்டும் கணக்குப் போட்டு வந்திருக்கிறார். இன்னொருவர் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் விதிநூலைப் பிரித்து வாதாடுகிறார். அவரை ஆங்கில உலகில் விதி வக்கீல் என்று கிண்டல் செய்வார்கள். முடிவாக வரும் புகார் ஒன்றே: சங்க ஆட்டத்தில் விதி பெருத்துவிட்டது, நடிப்பு செத்துவிட்டது. இந்தத் தீர்ப்பின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியும் பல மேசைகளைப் பொறுத்தவரை உண்மைதான். முதலாவதால்தான் இரண்டாவது நேர்ந்தது என்ற முடிச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஏற்க முடியாமைக்கு நம்மூரிலேயே சாட்சி இருக்கிறது. சேலம் மாவட்டத்துக் கிராமங்களுக்குப் பழக்கமான கூத்தில் ஒரு ஜமா பல காலம் ஒன்றாகவே ஆடும். யார் எங்கே இழுப்பார், யார் எங்கே முடிப்பார் என்பது ஒருவருக்கொருவர் அத்துப்படி. அது வீட்டு ஆட்டத்தின் இனம். தென்மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகம் வேறு மாதிரி. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூனும் ஆர்மோனியமும் மிருதங்கமும் வேறு வேறு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைத்திருப்பார்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநர் என்று ஒருவர் கிடையாது. சிலர் அன்றிரவுதான் முதல்முறையாகச் சந்தித்துக்கொள்வார்கள். ஆனாலும் பத்து மணிக்குத் தொடங்கிய வள்ளி திருமணம் விடியும்வரை நடக்கும், சனம் எழுந்து போகாது. சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் காலமாவதற்கு முன் எழுதி வைத்துப்போன நாடகங்கள் நூறாண்டுக்குப் பின்னும் இந்த ஏற்பாட்டில் ஓடுகின்றன. முகம் தெரியாதவர்கள் கூடி, பொது விதிகளை நம்பி, பாத்திரமாகவே மாறி ஆடுவது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

அந்த நாடகத்தில் விதி குறைவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காட்சிகளின் வரிசை மாறாது. எந்த ராஜபார்ட் வந்தாலும் முருகன் வள்ளியைக் கைப்பிடித்தே ஆக வேண்டும். இருந்தும் தினைப்புனத்தில் நாரதரும் வள்ளியும் மோதும் தர்க்கம் இருக்கிறதே, அது அன்றைய இரவின் சொத்து. ஸ்திரீபார்ட் மடக்கிக் கேள்வி கேட்பார். எதிராளி பதில் தேடித் திணறுவார், அல்லது திருப்பி அடிப்பார். எவ்வளவு நேரம் போகும் என்பதை ஆடுகிறவர்களின் திறமையும் கூட்டத்தின் கைதட்டலும் தீர்மானிக்கும். முடிவு நிச்சயம் என்பதால் வழியில் துணிச்சல் வருகிறது. விதி இறுக்கமாக இருந்தும் பேச்சு செழிக்கிறது என்றால், சங்க ஆட்டத்தில் பேச்சை நசுக்குவது விதியின் இறுக்கம் என்று எப்படிச் சொல்வது? வேறு ஏதோ ஒன்று இடிக்கிறது.

அந்த வேறு ஏதோ ஒன்று, வீரன் சுமந்து வரும் மூட்டை. ஸ்பெஷல் நாடக நடிகரும் தன் ஒப்பனைப் பெட்டியையும் உடுப்பையும் கையோடு கொண்டுவருகிறார். ஆனால் நேற்று பழனிப் பக்கம் முருகனாக ஜெயித்ததற்காக இன்று அவர் கையில் கூடுதலாக ஒரு மந்திர வேல் வருவதில்லை. சங்க ஆட்டத்தில் வருகிறது. நேற்றைய மேசையில் கிடைத்த பொன், நெருப்பு உமிழும் வாள், அனுபவத்தால் ஏறிய நிலை (லெவல்) எல்லாம் இன்றைய மேசைக்கு வந்து உட்காருகின்றன. ஓர் ஊர் டிஎம் தாராளமாக வாரி வழங்கினால் அடுத்த ஊர் மேசையில் மற்ற மூவர் வெறும் பார்வையாளர்களாகிவிடுவார்கள். எனவே தலைமை முதலில் காவல் போட வேண்டியது மூட்டைக்கு. எது எவ்வளவு கிடைக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்த, கதையை அச்சிட்டபடி நடத்தச் சொல்ல வேண்டும்; கதையை அப்படியே நடத்தினால்தான் எங்கும் ஒரே பரிசு. டிஎம் கோபிளினோடு சமாதானத்துக்குத் தயங்குவது சமாதானம் பிடிக்காமல் அல்ல. அந்தச் சண்டையின் முடிவில் எழுதி வைத்திருக்கும் 200 பொற்காசை யார் கணக்கில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

விதிப் புத்தகங்களின் வரலாற்றைப் புரட்டினால் இந்தக் காவல் வேலை எப்படி வளர்ந்தது என்பது தெரிகிறது. 1975இல் ஒரிஜின்ஸ் மாநாட்டில் கைகாக்ஸ் எழுதிய ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்ற ஆட்டம் போட்டியாக நடந்தது. அதில் சுவரில் ஒரு பச்சை நிறப் பிசாசு முகம், வாயைத் திறந்தபடி இருக்கும். உள்ளே தலையை விட்டால் ஆள் காலி, தப்பிக்க உருட்டுகூட இல்லை. யார் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதுதான் அளவுகோல். மாநாடு முடிந்ததும் பாத்திரமும் முடிந்தது, மூட்டை எங்கும் போகவில்லை. அதனால் அந்த ஆட்டம் எவ்வளவு கொடூரமாக இருந்தாலும் காவல் தேவைப்படவில்லை. 1979இல் வந்த டன்ஜன் மாஸ்டர்களுக்கான வழிகாட்டி நூலில் கைகாக்ஸ், எல்லா இடத்திலும் ஆட்டம் ஒரேபோல இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். ஓரிடத்து ஆட்டக்காரர் இன்னோரிடம் போனால் அதே விளையாட்டாக இருக்க வேண்டுமாம். (ஆர்னசனோடு அப்போது மூண்டிருந்த ராயல்டி வழக்கும் அந்தப் புதுப் பதிப்பைத் தனி விளையாட்டு என்று காட்ட ஒரு காரணம் கொடுத்தது என்பது வேறு கதை.) லிவிங் சிட்டியில் ஒவ்வொரு மந்திரப் பொருளுக்கும் காகிதச் சான்று கொடுத்தார்கள். அந்தச் சீட்டு இருந்தால்தான் வாள் உண்டு. சீட்டுகளை ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் செய்தார்கள். லிவிங் கிரேஹாக்கில் ஆட்டம் முடிந்ததும் ஒரு பதிவுத்தாளை நிரப்பி டிஎம் கையெழுத்துப் போட வேண்டும். பாத்திரத்துக்கு ஆண்டுக்கு 52 கால அலகுகள், ஒவ்வொரு சாகசத்துக்கும் சில அலகுகள் கழியும். கிராம நிர்வாக அலுவலகத்தில் சிட்டா அடங்கல் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இத்தனை தாளில் ஒன்றுகூட, பாணர் தங்கையைத் தேடினாரா என்று கேட்கவில்லை.

மூட்டையின் இழுப்பு எவ்வளவு வலியது என்பதற்குப் பாத்ஃபைண்டர் சொசைட்டி ஒரு நல்ல பாடம். நடிப்புக்கு இடம் கொடுக்கத்தான் அங்கே ஒவ்வொரு பாத்திரமும் ஒரு கட்சியைச் சேர்ந்திருக்கும் என்று வகுத்தார்கள். தொடக்கப் பருவங்களில் ஆட்டத்தின் ஆரம்பத்தில் கட்சித் தலைமையிடமிருந்து ஒரு துண்டுச்சீட்டு வரும்: இன்னாரிடம் இன்ன தகவலைக் கறந்து வா, இன்ன பெட்டியிலிருந்து இன்ன கடிதத்தைக் கவர்ந்து வா. யோசனை அருமையானது. செய்து முடித்தால் கட்சியில் மதிப்பெண். அந்த மதிப்பெண்ணைச் செலவழித்துச் செத்த பாத்திரத்தை உயிர்ப்பிக்கலாம், பொருள் வாங்கலாம். விளைவு, செல்வாக்கு என்று தொடங்கியது இன்னொரு நாணயமாகிவிட்டது. நண்பர்கள் மூவர் அரக்கனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில் நான்காமவர் மூலையில் அலமாரியைக் குடைந்துகொண்டிருப்பார். அவருடைய பாத்திரத்தின் குணம் அப்படி என்பதால் அல்ல, மதிப்பெண் போய்விடுமே என்பதால். அந்தத் துண்டுச்சீட்டு முறை பிறகு கைவிடப்பட்டது. அதே அமைப்பின் வழிகாட்டி நூலில் இன்னொரு பிரிவும் இருந்தது: ஆட்டக்காரர்கள் எழுத்தாளர் எதிர்பார்க்காத புத்திசாலித்தனமான வழியில் ஒரு தடையைக் கடந்துவிட்டால், சண்டை போடாவிட்டாலும் அதற்குரிய பரிசைக் கொடுத்துவிடுங்கள் என்று டிஎம்களுக்கு அனுமதி. ஒரு பத்தி அளவுதான். நடிப்பைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆனால் 200 பொற்காசை யார் கணக்கில் எழுதுவது என்ற தயக்கத்தை அது நீக்கியதால், கோபிளின் தலைவனோடு உட்கார்ந்து பேச வழி திறந்தது. ஒருபுறம் நடிப்பை ஊக்குவிக்க வகுத்த முறை நடிப்பைக் கெடுத்தது. மறுபுறம் பரிசுக் கணக்கைத் தளர்த்திய விதி நடிப்புக்கு உதவியது. ஒரே அமைப்பு, ஒரே ஆட்டக்காரர்கள்.

அப்படியென்றால் மூட்டையைப் பிடுங்கிவிட்டால் போயிற்றே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்தாயிற்று. 2018இல் அட்வென்ச்சரர்ஸ் லீக் தன் எட்டாம் பருவத்தில் கொன்றதற்கு இத்தனை அனுபவப் புள்ளி, கண்டெடுத்ததற்கு இத்தனை பொன் என்ற கணக்கை எடுத்துவிட்டு, ஆடிய நேரத்துக்கு ஏற்ப முன்னேற்றமும் பரிசும் என்று மாற்றியது. சண்டை போட்டாலும் பேசினாலும் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான். என் வாதப்படி நடிப்பு செழித்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு, ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள். கதைக்குள் பெட்டகத்தைத் திறந்தால் பொன் மின்னுகிறது, டிஎம் அதை வர்ணிக்கிறார், ஆனால் ஒரு காசும் எடுத்துப் போக முடியாது. திருடராக ஆடுகிறவருக்கு இனி என்ன வேலை? கோயில் பொன்னைத் தொடமாட்டேன் என்று மறுக்கும் பக்தருக்கு, மறுப்பதற்கு என்ன இருக்கிறது? அடுத்தடுத்த பருவங்களில் அந்த ஏற்பாட்டைத் திருத்த வேண்டியதாயிற்று. என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சாட்சி இதுதான். ஆட்டக்காரர்கள் விரும்புவதே மூட்டையைத்தான், நடிப்பெல்லாம் ஒப்புக்கு என்று ஒருவர் இதிலிருந்து முடிவு கட்டலாம்.

நான் அப்படிப் படிக்கவில்லை. கோபம் எங்கே எழுந்தது என்று பாருங்கள்: திருடர் திருட முடியாததில், பக்தர் மறுக்க முடியாததில். பேராசை என்பது ஒரு குணம், அதை நடித்துக் காட்டப் பொன் வேண்டும். 2018இன் மாற்றம் பொன்னை அடுத்த மேசைக்குப் போகாமல் நிறுத்தியதோடு நிற்காமல், இந்த மேசையிலேயே அதன் அர்த்தத்தை எடுத்துவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. பெட்டகத்துப் பொன்னை வைத்து அன்றைய கதைக்குள்ளேயே காவல்காரனுக்குக் கையூட்டுக் கொடுக்கலாம், சிறைப்பட்டவனை மீட்கலாம், ஊர்க்கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் கட்டலாம், குடித்தே அழிக்கலாம் என்று விட்டிருந்தால், எடுப்பதும் விடுவதும் தீர்மானமாக இருந்திருக்கும். மேசை கலையும்போது மிச்சம் தீர்ந்துவிட்டது என்று வைத்தால் காவலும் அதிகம் தேவையில்லை. நிலை உயர்வு நேரக் கணக்கில் வரட்டும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

இன்னொரு சாரார் வேறு மருந்து சொல்வார்கள்: நடிப்புக்கே நேரடியாகப் பரிசு கொடுங்கள். இதுவும் பழைய மருந்து, பக்கவிளைவுகள் தெரிந்த மருந்து. 1979இன் அதே வழிகாட்டி நூலில், ஆட்டக்காரர் தன் பாத்திரத்துக்கு ஏற்ப நடந்துகொண்டாரா என்று டிஎம் நான்கு தரத்தில் மதிப்பிட வேண்டும். மிக நன்று என்றால் அடுத்த நிலைக்குப் போக ஒரு வாரப் பயிற்சி போதும். மோசம் என்றால் நான்கு வாரம். வாரத்துக்கு நிலை ஒன்றுக்கு 1,500 பொற்காசு கட்டணம். மோசமாக நடித்தவருக்கு அபராதம் என்பதை இவ்வளவு பச்சையாக வேறெந்த விளையாட்டும் எழுதியதில்லை என்று நினைக்கிறேன். ஆர்பிஜிஏ போட்டிகளில் வேறு முறை: ஆட்டம் முடிந்ததும் மேசையில் இருப்பவர்களே சிறந்த ஆட்டக்காரர் யார் என்று ஓட்டுப் போடுவார்கள், ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்குப் போவார். ஓட்டு என்று வந்தால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. சத்தமாகப் பேசுகிறவர் கவனிக்கப்படுவார். அடுத்தவர் வசனத்துக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றவர், அந்த விட்டுக்கொடுப்புதான் காட்சியைத் தூக்கி நிறுத்தியது என்றாலும், கணக்கில் வரமாட்டார். விளையாட்டின் 2014 பதிப்பில் இதைச் சிறிதாக்கி, நன்றாக நடித்தவருக்கு டிஎம் ஓர் ஊக்கம் கொடுக்கலாம், அதை வைத்து ஒருமுறை இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். இது பரவாயில்லை. அதைச் சேர்த்து வைக்க முடியாது என்பதால்தான் பரவாயில்லை.

கூச்சக்காரர் விஷயத்துக்கு வருவோம். பேசிக் காட்டச் சொல்கிற டிஎம் நடிப்பின் பக்கம் நிற்கிறார், உருட்டச் சொல்கிறவர் விதியின் பக்கம் நிற்கிறார் என்பது பொதுவான எண்ணம். முதல் காட்சியில் பாணராக உட்கார்ந்தவர் திக்கிப் பேசுகிறவராக இருந்தால்? விடுதிப் பள்ளியில் நாலு பேர் முன் வாய் திறக்கப் பயப்படும் பையனுக்கு, சொல்லால் அரசர்களை மயக்கும் பாணராக நாலு மணி நேரம் இருந்து பார்க்க ஆசை வருவது இயல்பு. வீட்டு ஆட்டத்தில் சிநேகிதர்கள் அவன் குணம் தெரிந்து நடந்துகொள்வார்கள். முகம் தெரியாத மேசையில் அவனுக்கு அந்த ஆதரவு கிடையாது. அங்கே அவனுக்குக் கைகொடுப்பது விதி. “அவன் அம்மா உடம்பு சரியில்லாததப் பத்தி மெதுவாக் கேக்கறேன்” என்று என்ன செய்கிறான் என்பதை மட்டும் சொன்னால் போதும். எப்படிச் சொன்னான் என்பதைப் பகடை பார்த்துக்கொள்ளும். வாள்வீரராக ஆடுகிறவரை எழுந்து நின்று வாள் சுழற்றிக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. பேச்சுக்கு மட்டும் ஏன் அந்தச் சோதனை? இதற்கு எதிர்வாதமும் உண்டு: அப்படியானால் எல்லாமே உருட்டல்தானே, பேச்சு எதற்கு? என்ன பேசுவது என்று தேர்ந்தெடுப்பதும் நடிப்புதான் என்பேன். காவல்காரனின் தாயைப் பற்றிக் கேட்பதா, கையில் காசு வைப்பதா, பயமுறுத்துவதா என்ற தேர்வில் பாத்திரம் வெளிப்பட்டுவிடுகிறது. அந்தத் தேர்வுக்கேற்ப டிஎம் இலக்கை 15இலிருந்து 10 ஆக இறக்கினால், விதியும் நடிப்பும் ஒரே காரியத்தைச் செய்கின்றன.

‘இவ்வளவு எதற்கு, பிடிக்காவிட்டால் வீட்டில் சிநேகிதர்களோடு ஆடிக்கொள்ளட்டும்’ என்பது கடைசியாக எறியப்படும் கல். பெருநகரத்தில் இருந்துகொண்டு எறிய வசதியான கல் அது. ஏற்காட்டிலோ அதற்கு மேலே மலைக் கிராமங்களிலோ இருக்கிற ஒருவருக்கு, நாலு மணி நேரம் ஒதுக்கி இதே பைத்தியத்தோடு வந்து உட்கார இன்னும் நாலு பேர் கிடைப்பது எளிதா? அவர் சேலத்துக்கு இறங்கிப் போக வேண்டும், அல்லது இணையவழி மேசையில் சேர வேண்டும். இரண்டு இடத்திலும் எதிரில் இருப்பது அந்நியர்கள். சங்க ஆட்டத்தைச் செப்பனிடுவது தேவையில்லை என்று சொல்வது, சிநேகிதர் குழு அமையாதவர்களுக்கு இந்த விளையாட்டே தேவையில்லை என்று சொல்வதாகும்.

தமிழில் இதையெல்லாம் யோசிக்க இது நல்ல நேரம். 2022இல் வெளியான ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்’ என்ற அதிகாரபூர்வ சாகசத் தொகுப்பை முன்னின்று உருவாக்கிய இருவரில் ஒருவர் அஜித் ஜார்ஜ். அவருடைய குடும்பம் நடத்தும் சாந்தி பவன் பள்ளி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. வங்காள மண்ணின் சாயலில் மிமி மொண்டல் எழுதிய சாகசமும் அந்தத் தொகுப்பில் உண்டு. 2023 ஜனவரியில், உரிமம் தொடர்பாக எழுந்த பெரும் கலகத்துக்குப் பிறகு, விளையாட்டின் அடிப்படை விதித் தொகுப்பை வெளியீட்டு நிறுவனம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் அதைத் தமிழாக்கலாம், மாற்றலாம், விற்கலாம். கதைக்கும் நம்மிடம் குறையில்லை: காஞ்சியிலிருந்து கிளம்பிய மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டார்கள் என்று இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் பூர்வகதையைச் சொல்கிறார்கள். மூன்று மலை, மூன்று ஊர்ச் சங்கங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்வரும் பாத்திரங்கள் என்று ஒரு தொடர் ஆட்டத்துக்கு வேண்டிய நிலவரைபடம் அந்தக் கதையிலேயே கிடக்கிறது. அவர்களைக் கேட்டு, அவர்களையும் சேர்த்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது.

செய்கிறவர்கள் முதலில் உட்கார்ந்து வரைய வேண்டியது பாத்திரத்தின் பதிவுத்தாளை. மேலே பெயர், நிலை, ஆடிய மணி. அதன் கீழே பொன்னுக்கும் பொருளுக்கும் வழக்கமாக விடும் பெரிய கட்டத்தை எடுத்துவிட்டு, மூன்று வரி எழுத இடம் விடலாம்: யாருக்குக் கடன்பட்டிருக்கிறார், யாரோடு பகை, எந்த ஊரில் முகம் காட்ட முடியாது. எண் எதுவும் வேண்டாம். எண் வந்தால் பாத்ஃபைண்டர் மதிப்பெண்ணின் கதிதான். அடுத்த மேசையின் டிஎம் ஐந்து நிமிடத்தில் நாலு தாளையும் படித்துவிடலாம், ஏதாவது ஒரு வரியை அன்றைய கதையில் கோத்துவிடலாம். பாணரின் தங்கைக்கும் அங்கே ஒரு வரி கிடைக்கும். அந்த மூன்று வரியை ஒருவர் வீட்டில் உட்கார்ந்து தானாகவே புனைந்துகொண்டு வந்தால் என்ன செய்வது என்று விதி வக்கீல் எழுந்து கேட்பார். புனைந்துகொண்டு வரட்டும். ஏமாற்றிக் கொண்டுவந்த மந்திர வாள் மற்ற மூவரின் ஆட்டத்தைக் கெடுக்கும். இல்லாத பகையைக் கொண்டுவந்தால் டிஎம்முக்கு அன்றைக்கு ஒரு வில்லன் இலவசம்.